முதல் விரால்: வாசகர் கேள்வி–பதில்

இதுவரை கெண்டைக் குஞ்சைத் தாண்டாத என் தூண்டிலில் இரண்டு கிலோ விரால் மாட்டியது. கரையேற்றுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. எல்லாருக்கும் இப்படித்தானா?
– வாசகர், திருவையாறு

எல்லாருக்கும் இப்படித்தான். வாழ்த்துகள்! விரால் நெடுந்தூரம் ஓடாது. முள் தைத்ததும் கொடிக்குள் தலையை நுழைத்து முறுக்கும். அந்த முதல் சில நொடிதான் முழு ஆட்டமும். நரம்பைத் தளரவிட்டால் கொடியில் சுற்றிக்கொள்ளும், வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நிதானமாக நின்றிருக்கிறீர்கள். புதுக் கைக்கு அது வாய்ப்பது பெரிய விஷயம். அடுத்த முறை மீனைக் கரையில் போட்டுவிட்டுப் படம் எடுக்கப் போனைத் தேடாதீர்கள். ஈரப் புல்லில் நெளிந்து நெளிந்தே குளத்துக்குத் திரும்பிவிடும்.

வெளிநாட்டு வீடியோக்களில் இறகால் பூச்சி கட்டி டிரவுட் பிடிக்கிறார்களே, நம் வெண்ணாற்றில் டிரவுட் கிடைக்குமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

கிடைக்காது தம்பி. அது குளிர்ந்த நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிச் சூடேறினாலே திணற ஆரம்பிக்கும். அதைப் பார்க்க நீலகிரிக்கு ஏற வேண்டும். அங்கேயும் அது வந்தேறி மீன்தான். 1860களில் பிரான்சிஸ் டே முயன்று பலிக்கவில்லை. எச்.சி. வில்சன் முயற்சியில் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகுதான் வேரூன்றியது. ஆனால் நீங்கள் ஏங்குவது அந்த மீனுக்கா, நீர்ப்பரப்பில் மிதக்கும் இரையை மீன் பாய்ந்து கவ்வும் அந்த நொடிக்கா? நொடிக்கு என்றால் உங்கள் ஊர்க் குளமே போதும். அல்லி இலை மேல் ரப்பர் தவளையைத் தத்தித் தத்தி இழுத்துப் பாருங்கள்.

அப்படித்தான் இழுத்தேன். ‘பளார்’ என்று அடித்தது. உடனே சுண்டினேன். தவளை மட்டும் திரும்பி வந்தது!
– வாசகர், மன்னார்குடி

உடனே சுண்டியதுதான் காரணம். விரால் முதலில் கவ்வும், பிறகுதான் தலையைத் திருப்பிக் கீழே இறங்கும். சத்தம் காதுக்கு. சுண்ட வேண்டியது கண்ணை நம்பி. நரம்பு ஒரு பக்கமாக நகர்கிறதா என்று பாருங்கள், நகர்ந்ததும் சுண்டுங்கள்.

தண்ணீருக்குள் இருக்கும் மீனை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, நீடாமங்கலம்

விரால் தானே வந்து சொல்லும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. அதனால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தே ஆக வேண்டும். காற்றில்லாத காலை வேளையில் கரையில் அசையாமல் நில்லுங்கள். ஒரு ‘களுக்’, ஒரு வட்டம், அதன் நடுவே ஓரிரு குமிழி. ஆகாயத்தாமரை அடர்ந்த இடமானால் ஒரே ஒரு செடி மட்டும் காரணமில்லாமல் தலையாட்டும். அங்கேதான்.

எங்கள் குளத்தில் சிவப்பாக நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் கூட்டமாகத் திரிகின்றன. கீழே பெரிய மீன் நிச்சயம் இருக்கும் என்கிறார்கள். அங்கே தூண்டில் போடலாமா?
– வாசகர், ஒரத்தநாடு

இருக்கும், நிச்சயமாக இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், போடாதீர்கள். அந்தக் குஞ்சுகளுக்குக் காவலாகக் கீழேயே சுற்றுவது தாயும் தகப்பனும். அந்த நேரத்தில் தவளை எதிரில் வந்தால் பசித்துக் கவ்வாது, பிள்ளையைக் காக்கப் பாயும். அதைப் பிடிக்கத் திறமை ஒன்றும் வேண்டாம். காவல் போன பிறகு அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் தீனியாகிவிடும். நீங்கள் எடுத்துப்போவது ஒரு மீன், குளம் இழப்பது ஒரு கூட்டம். குஞ்சுகள் பெருத்துப் பிரிந்து போகும்வரை அந்தக் கரையை விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஊத்தா குத்த வருகிறவர்களிடமும் சொல்லுங்கள். பெரியவர்கள் பலர் கேட்டுக்கொள்வார்கள்.

தூண்டிலோடு உட்காருவது வேலையற்றவன் வேலை என்கிறார் அப்பா.
– வாசகர், கும்பகோணம்

அப்பாவிடம் எச்.எஸ். தாமஸைப் பற்றிச் சொல்லுங்கள். மதராஸ் மாகாணத்தில் சிவில் சர்வீஸ் அதிகாரி, வேலைக்குக் குறைவில்லாதவர். இந்தியத் தூண்டில்காரர்களுக்காக 1873இல் ஒரு புத்தகம் எழுதினார். போதவில்லை என்று, குளத்து மீன்பிடிப்புக்கென்றே 1887இல் இன்னொன்று எழுதினார். இருந்தாலும் குறுவை நடவு நாளில் கரையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்றால் நான் அப்பா பக்கம்.

எந்த மாதம் தோது? எந்தக் குளம்?
– வாசகர், திருவாரூர்

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். புதுத் தண்ணீர் வந்ததும் மீன் வாய்க்கால், வயல் என்று பரவிவிடும். அணை மூடி, மாசி பங்குனியில் தண்ணீர் சுருங்கும்போது எல்லாம் குளத்துக்கு ஒடுங்கும். சித்திரையிலும் வற்றாத குளமாகப் பாருங்கள். விரால் பெருக்க வருஷங்கள் வேண்டும். கோடையில் காய்ந்த குளத்திலும் மருந்து கலந்து மீன் பிடித்த குளத்திலும் அந்த வருஷங்கள் அதற்குக் கிடைப்பதில்லை. நல்ல குளம் கிடைத்தாலும் முதலில் குத்தகைக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலான ஊர்க் குளங்கள் மீன் ஏலத்தில் போனவை.

மகன் முதல் விராலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறான். வழுக்குகிறது. குழம்பு வைக்கவா, திரும்ப விடவா?
– வாசகி, பட்டுக்கோட்டை

குழம்புதான் அம்மா! முதல் மீனை ஊரே சாப்பிட வேண்டும். சாம்பலும் கல்லுப்பும் போட்டுக் கல்லில் உரசுங்கள், வழுவழுப்பு விட்டுவிடும். மலேசியாவில் இதே மீனை ஹருவான் என்பார்கள், பிள்ளை பெற்றவர்களுக்கும் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் சமைத்துக் கொடுப்பார்கள். அடுத்தடுத்து மாட்டுவதில் பெரியதை விட்டுவிடச் சொல்லுங்கள். முட்டை அதிகம் இடுவது அதுதான்.

முள்ளைக் கழற்ற வாய்க்குள் விரலை விடலாமா?
– பள்ளி மாணவி, பாபநாசம்

கூடவே கூடாது கண்ணு. விராலுக்குக் கூரான பல் உண்டு. ஈரத் துணியால் தலையைப் பிடித்துக்கொண்டு, குறடால் முள்ளைத் தைத்த வழியிலேயே பின்னால் தள்ளு, வந்துவிடும்.