காணாமல் போன மகனும் இரண்டு டேபிள் ஃபேனும்

என் மகன் காணாமல் போய் 130 மணி நேரம் ஆகிறது. அதில் அவனைத் தேடியது ஒரு 12 மணி நேரம் இருக்கலாம். மீதி நேரத்தில் ஓட்டை உடைசல்களைப் பொறுக்கினேன், சோளம் நட்டேன், முன்பின் தெரியாதவர்களுக்குக் கட்டில் செய்து போட்டேன்.

பதற வேண்டாம். மகன் இருப்பது 'ஃபால்அவுட் 4' என்ற வீடியோ கேமில். 2015 நவம்பர் 10 அன்று வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் கடைகளுக்குப் போனது மட்டும் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள். நான் வழக்கம்போல் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கினேன். கதையின் முடிச்சை இங்கே அவிழ்க்கப்போகிறேன். இன்னும் விளையாடாதவர்கள் மன்னிக்கவும், போதுமான அவகாசம் கொடுத்தாயிற்று.

ஆரம்பம் அமர்க்களம். 2077 அக்டோபர் 23, அமெரிக்காவின் பாஸ்டன் அருகே அழகான வீடு, மனைவி, கைக்குழந்தை ஷான். அணுகுண்டு விழுகிறது. குடும்பத்தோடு பாதாள அறைக்கு ஓடினால், அங்கே ஆளை ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைய வைத்துவிடுகிறார்கள். நடுவில் ஒருமுறை விழிப்பு வருகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எவனோ மனைவியைச் சுட்டுவிட்டுக் குழந்தையைப் பறித்துப்போகிறான். மறுபடி உறக்கம். அடுத்து விழிக்கும்போது 2287.

பின்னால் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா அப்போதே சொல்லிவிட்டாள்: "ரெண்டாவது தடவ எத்தன வருஷம் தூங்குனான்னு சொல்லவே இல்லையே. அந்தப் புள்ள இந்நேரம் கெழவனாயிருக்கும் பாரு."

இருபது வருஷமாக மெகா சீரியல் பார்க்கிறவள். நான்தான் "சும்மா இரும்மா" என்றேன்.

பழைய வீட்டுக்குப் போனால், எஜமானர் வருவார் என்று 210 வருஷமாகக் காத்திருக்கிறது வேலைக்கார ரோபோ. அதற்கு ஆயிரம் பெயர்கள் வரை வாய்விட்டுச் சொல்லத் தெரியும் என்று கேள்விப்பட்டு, ஆசையாகப் 'பழனிச்சாமி' என்று பெயர் வைத்திருந்தேன். 'சார்' என்று முடித்துக்கொண்டது.

அடுத்து வந்தார் பிரெஸ்டன் கார்வி. ஊர்க்காவல் படையில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். ஒரு சின்ன ஊருக்குத் தொந்தரவு கொடுத்தவர்களை விரட்டிவிட்டு வந்தேன், அவ்வளவுதான்; கையோடு என்னைப் படைத்தளபதி ஆக்கிவிட்டார். தளபதி என்றால் உத்தரவு போடுகிற ஆள் என்று நினைத்தேன். இல்லை, உத்தரவு போடுவது அவர், ஓடுவது தளபதி. இந்த ஊரில் கொள்ளையர், அந்த ஊரில் பூதம் என்று வரைபடத்தில் குறித்துக் கொடுப்பார். முடித்துவிட்டு வந்து நின்றால் அடுத்த ஊர். இதற்கு முடிவே கிடையாது. தீரத்தீரப் புதிதாக உண்டாக்கும்படியே செய்து வைத்திருக்கிறார்கள். போகிற இடத்திலெல்லாம் கட்டில் போட வேண்டும், தண்ணீர் பம்பு இறக்க வேண்டும். கட்ட ஸ்க்ரூ வேண்டும், ஸ்க்ரூவுக்கு டேபிள் ஃபேனைப் பிரிக்க வேண்டும். துப்பாக்கியை மேம்படுத்தப் பசை வேண்டும். அதற்குச் சோளத்தையும், தக்காளியும் உருளைக்கிழங்கும் கலந்த ஏதோ ஒன்றையும் பயிரிட்டுக் காய்ச்ச வேண்டும். மனைவியைப் பறிகொடுத்தவன் போஸ்டர் ஒட்டுகிறவன் போலப் பசை காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

"முடியாது" என்று சொல்லலாமே என்பீர்கள். யார் பேசினாலும் பதில் சொல்ல நாலே பொத்தான்கள். ஒன்று 'சரி'. இன்னொன்று நக்கலாகச் சரி. மூன்றாவது, விவரம் கேட்டுவிட்டுச் சரி. நாலாவது 'முடியாது', அதை அமுக்கினால் பல இடங்களில் 'இப்போது முடியாது' என்றுதான் பொருள், வேலை அங்கேயே நமக்காகக் காத்திருக்கும். 1997இல் வந்த முதல் 'ஃபால்அவுட்'டில், புத்தி குறைந்தவனாக நம் ஆளைப் படைத்தால் ஆட்டம் முழுக்க உளறுவான், ஊரும் அவனை அப்படியே நடத்தும். புத்திசாலியாக இருந்தால், கடைசி வில்லனிடம் அவன் திட்டம் பலிக்காது என்று ஆதாரத்தோடு பேசியே கதையை முடித்துவிடலாம். ஒரு குண்டு செலவில்லை! அந்த வம்சத்தில் வந்ததுதான் இந்த நாலு பொத்தான்.

ஒரு நாள் ரோட்டோரத்தில் கிடந்த ஃப்ரிட்ஜுக்குள் சத்தம் கேட்டது. பூட்டை உடைத்தால் உள்ளே ஒரு பையன். குண்டு விழுந்த அன்று ஒளிந்தவன், 210 வருஷமாக உள்ளேயே இருக்கிறான். கதிர்வீச்சில் தோல் உரிந்துபோனதைத் தவிர வேறு குறையில்லை.

அம்மா பூ கட்டுவதை நிறுத்தினாள். "சோறு தண்ணி?"

"இல்லம்மா."

"பெத்தவங்க?"

"உயிரோடதான் இருக்காங்க. பக்கத்து ஊர்ல."

"எட்டிப்பார்க்கவே இல்லையா? ரெண்டாளும் டேபிள் ஃபேன் பொறுக்கப் போயிட்டாங்களோ?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

நியாயமாகச் சொன்னால், இடிந்த பாஸ்டனில் சும்மா சுற்றுவது சுகம். ரேடியோவில் பழைய பாட்டு, பக்கத்தில் நாய். ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், கட்டிலில் கைகோத்தபடி இரண்டு எலும்புக்கூடுகள். வசனம் ஒன்றுமில்லாமல் ஒரு கதை. வாய்திறந்து கதை சொல்ல வருகிறபோதுதான் சொதப்புகிறார்கள். (அதே வீட்டில் ஆள் குடியிருந்தால் கதை வேறு. "எரநூறு வருஷமா ஒருத்தரும் கூட்டிப் பெருக்கலையா?" என்பது அம்மாவின் விமரிசனம். இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.)

கடைசியில் மகனைக் கண்டுபிடித்தேன். வெள்ளைத் தாடி. 60 வயது. பூமிக்கடியில் விஞ்ஞானிகளின் ரகசியக் கூடத்துக்குத் தலைவன். அங்கே எல்லோரும் அவனை 'ஃபாதர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்ணீர் பொங்க வேண்டிய கட்டம். திரையில் நாலு பொத்தான்கள் வந்து நின்றன.

"நாந்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள் அம்மா. "அறுபதாம் கல்யாணத்துக்குச் சரியா வந்து சேந்துட்டான் அப்பன்."

என்ன பதிலை அமுக்கினேன் என்று நினைவில்லை. வெளியே வந்ததும் பிரெஸ்டனைப் பார்த்தேன். வடக்கே ஒரு ஊருக்கு நம் உதவி தேவையாம்.

நேற்று ராத்திரி போய்விட்டு வந்தேன். இரண்டு டேபிள் ஃபேன் கிடைத்தது.