கணக்கில் முளைத்த பெரணி

கேள்வி: “ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டால் செடி முளைக்கும்” என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் பையன். நம்பலாமா?
– ஒரு வாசகி, கே.ஜி.கண்டிகை

பதில்: தாராளமாக நம்பலாம், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்! மைக்கேல் பார்ன்ஸ்லி என்ற கணித அறிஞர், 1988இல் வந்த தம் நூலில் நான்கே விதிகளால் பெரணி இலையை வரைந்து காட்டினார். ஒரு விதி தண்டுக்கு, ஒன்று மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போவதற்கு, மற்ற இரண்டும் இடமும் வலமும் பிரியும் கிளைகளுக்கு. ஒரு புள்ளியை எடுங்கள். குலுக்கலில் வந்த விதிப்படி நகர்த்துங்கள். போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து மறுபடி குலுக்கல். பல்லாயிரம் முறை செய்தால் பெரணி தயார். எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் அதே பெரணிதான். எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் மலையேறினால் தணிகை முருகன்தானே!

இந்த வித்தைக்கு நம் வாசலிலும் உறவு உண்டு. தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலத்துக்கே கணித இலக்கணம் எழுதினார்கள். சிறிய வடிவத்தின் மீது அதே விதியை மீண்டும் மீண்டும் செலுத்தினால் பெரிய கோலம் வளரும். ஆகவே, நாளைக் காலை பையன் கையில் கோலமாவைக் கொடுங்கள். பாதிப் பாடத்தை நீங்களே நடத்திவிடலாம்.