பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை

கேள்வி: பால்மா கரைத்துக் கொடுத்தால் என் ஆறு வயது மகனுக்கு வயிறு ஊதி, வயிற்றோட்டம் போகிறது. பரம்பரை நோயா? கழுதைப் பால் கொடுக்கச் சொல்கிறார் ஆச்சி.
- ஒரு தாய், பேசாலை

பதில்: மன்னார்க் கழுதைகள் நிம்மதியாகத் திரியட்டும்! பாலிலுள்ள சீனியான லக்டோஸ் சமிக்காததே காரணமாக இருக்கலாம்; பசுப்பாலைவிடக் கழுதைப் பாலில்தான் அது அதிகம்.

லக்டோஸைச் சமிக்கச் செய்யும் லக்டேஸ் நொதியத்துக்கான மரபணு 2ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பால்குடிப் பருவம் கடந்ததும் அந்த நொதியத்தின் செயற்பாடு குறைவது மனிதரில் பெரும்பாலானோருக்கு இயல்பு. வளர்ந்தும் பால் சமிப்பது, அருகிலுள்ள மரபணுப் பகுதியில் மாற்றம் பெற்றவர்களுக்கே. எனவே லக்டோஸ் சமிக்காமை நோயல்ல. கடும் வயிற்றோட்டத்துக்குப் பின் தற்காலிகமாகவும் வரலாம்.

மரபணுச் சோதனை இயல்பைத்தான் சொல்லும். இன்றைய வயிற்றுவலிக்குக் காரணம் சொல்லாது. அதை அறிய, மூச்சில் ஹைதரசன் அளக்கும் சோதனை உண்டு. வைத்தியர் சொற்படி இரண்டு வாரம் பாலை நிறுத்தி, மீண்டும் கொடுத்துப் பார்ப்பதும் நல்ல வழி. தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். கல்சியத்துக்கு முள்ளோடு உண்ணும் நெத்தலி இருக்கிறதே!

எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அதற்கு மட்டும் தாய்ப்பாலை நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.