கந்தோரா, கடலா?

கேள்வி: கோப்புகளுக்கு நடுவே பன்னிரண்டு வருடம் போய்விட்டது. கொரியாவுக்குப் போய் மீன்பிடிப் படகில் வேலை செய்ய ஆசை. இராஜினாமாக் கடிதம் மேசை லாச்சியில் தயாராக இருக்கிறது. கொடுக்கட்டுமா?
– அரச ஊழியர், உப்புவெளி

பதில்: லாச்சியைப் பூட்டுங்கள். அரச ஊழியர்கள் வெளிநாட்டில் உழைப்பதற்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்க, 2022 ஜூனில் வந்த 14/2022 பொது நிர்வாகச் சுற்றறிக்கை வழி விட்டது. சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கம் வராது என்பதும் அதிலேயே இருந்தது. உங்கள் திணைக்களத்தில் இப்போது எந்த நிபந்தனையோடு விடுவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொரிய வேலை முதலில் 3 வருடம். நீடித்தால் மொத்தம் 4 வருடம் 10 மாதம். ஐந்து வருடத்துக்குள் அடங்கிவிடுகிறதே, பிறகெதற்கு இராஜினாமா? விண்ணப்பிக்க வயது 39-ஐத் தாண்டக்கூடாது, கொரிய மொழிப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். கடிதம் எழுதிய பேனாவால் கொரிய எழுத்துப் பழகுங்கள்.

கேள்வி: கதிரையை விட்டுக் கடலுக்குப் போய் நன்றாக வாழ்ந்தவர் யாராவது இருக்கிறாரா?
– கல்லூரி மாணவன், நிலாவெளி

பதில்: உங்கள் ஊர்க் கடலிலேயே இறங்கியிருக்கிறார். எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் லண்டனில் அரசாங்கக் கணக்காய்வுக் கந்தோரில் வேலை பார்த்தவர். போருக்குப் பிறகு ஒரு பௌதிகச் சஞ்சிகையில் உதவி ஆசிரியர். 1956-இல் இலங்கைக்கு வந்து, நண்பர் மைக் வில்சனோடு சுழியோடினார். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் சுவாமி மலையடியில் கடலுக்குள் பார்த்து உலகத்துக்கு எழுதியவர்கள் இவர்கள். 2008-இல் கொழும்பில்தான் கண்மூடினார். ஆனால் தம்பி, ஒன்றைக் கவனியுங்கள். கந்தோர் வேலையை விட்டது 1951-இல். இங்கே குடிவந்தது ஐந்து வருடம் கழித்து. அதற்குள் எழுத்து அவருக்குச் சோறு போடத் தொடங்கியிருந்தது. அவரை இழுத்தது கடல். தாங்கியது கையிலிருந்த தொழில்.

கேள்வி: முகவர் ஒருவர், "சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றலாம்" என்கிறார். முற்பணமும் கேட்கிறார்.
– மூதூர் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று முதலில் பாருங்கள். கொரிய வேலையென்றால் அந்தக் கேள்விகூட வேண்டாம். அது அரசும் அரசும் செய்துகொண்ட ஏற்பாடு, பணியகத்தைத் தவிர இடையில் எவருக்கும் இடமில்லை.

கேள்வி: கணக்கு எழுதிக்கொண்டிருந்த மகன் கட்டாருக்கு வெளிவேலைக்குப் போகப் போகிறான். அந்த வெயிலை அவன் உடம்பு தாங்குமா?
– ஒரு தாய், கிண்ணியா

பதில்: முதல் இரண்டு கிழமைதான் மிக ஆபத்து, அதற்குள்தான் உடம்பு வெயிலுக்குப் பழகும். அந்த நாட்களில் வீரம் காட்டாமல், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். தலை சுற்றினால் நிழலுக்கு வருவது அவன் உரிமை. கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது. 2021-இல் வந்த சட்டவிதி அது. போகும் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. மகன் கைபேசியில் இந்த நேரங்களை இன்றைக்கே பதிந்து கொடுங்கள்.

கேள்வி: இஸ்ரேலில் தோட்ட வேலைக்குப் போகலாம் என்றேன். "இங்கே மண்வெட்டி தொடாதவன் அங்கே தொடப்போறியோ?" என்று அப்பா கேட்கிறார்.
– தம்பலகாமம் வாசகர்

பதில்: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி அப்பாவுடையதுதான். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. தம்பலகாமத்து வயலில் இறங்கினால் கௌரவக் குறைவு, அதே சேற்றை வேறு நாட்டில் மிதித்தால் பெருமை என்று எப்படி நினைக்கப் பழகினோம்? சம்பளம் கூட என்பது நியாயமான காரணம், அதற்காகப் போங்கள். ஆனால் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், இடுப்பும் ஒன்றுதான். ஒரு போகம் அப்பாவோடு வயலில் நில்லுங்கள். வரம்பு கட்ட, மடை திறக்க, மருந்தடிக்கும்போது காற்றுத் திசை பார்க்க அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகும் போக வேண்டுமென்று தோன்றினால், அப்பாவே வழியனுப்புவார்.

கேள்வி: கட்டாரில் வேலை செய்யும் கணவரின் கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். யாரிடம் சொல்வது?
– குச்சவெளி வாசகி

பதில்: தங்கச்சி, தொழிலாளி தானாக எழுதிக் கேட்டாலன்றி அவருடைய கடவுச்சீட்டை முதலாளி வைத்திருப்பதைக் கட்டார் சட்டமே தடுக்கிறது. வேலை உடன்படிக்கையின் பிரதியையும் பணியகப் பதிவு இலக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு இப்போதே தொலைபேசியில் கூப்பிடுங்கள். பணியகத்தின் 24 மணிநேர இலக்கம் 1989.