காலடியில் கரண்ட்

படூரில் புது ஃபிளாட். லேமினேட் தரை போட்டு, அதற்கு அடியில் மின்சார ஹீட்டர் வைக்கலாமா? லண்டனில் மகன் வீட்டில் பார்த்ததிலிருந்து மனைவி விடமாட்டேன் என்கிறார்.

வைக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் லேமினேட் பலகையின் மேல்பரப்பு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றுதான் பெரும்பாலான கம்பெனிகள் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்து அனுப்புகின்றன. மே மாதத்தில் சென்னைப் பக்கம் விடியற்காலைக் குளுமையே கிட்டத்தட்ட அந்த 27தான். தெர்மோஸ்டாட் கண்ணைத் திறக்காமலே கோடையைக் கழித்துவிடும். கரண்ட் பில்லே ஏறாத ஒரே ஹீட்டர் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

மார்கழிக்காவது உதவாதா?

சென்னையில் இதுவரை பதிவானதிலேயே மிகக் குறைந்த வெப்பம் 13.9 டிகிரி. அது 1905 ஜனவரியில் நடந்த கதை. அதே அளவு லண்டனில் பதிவானால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பூங்காவுக்குப் போவார்கள். மார்கழிக்கு ஒரு ஜோடி சாக்ஸ் போதும்.

மகன் லண்டனில் இன்னொரு அறைக்கும் அவனே போடப் போகிறானாம். என்ன சொல்லி அனுப்புவது?

இது உருப்படியான கேள்வி. டைல்ஸுக்குப் போடுவது வேறு, லேமினேட்டுக்குப் போடுவது வேறு. டைல்ஸுக்கு வலையில் கோத்த கம்பியை விரித்து, பசைக் கலவையிலேயே புதைத்துவிடுவார்கள். லேமினேட் தரையில் ஒட்டாமல் மிதக்கிற பலகை. அதற்கு அலுமினியத் தாளுக்குள் கம்பி வைத்த ஃபாயில் மேட் வாங்க வேண்டும். அதற்குக் கீழே வெப்பத்தைக் கீழிறங்க விடாத அட்டையை விரிக்க வேண்டும். அதில் மிச்சம் பிடித்தால் ஹீட்டர் அறையை விட்டுவிட்டு அடியிலிருக்கும் கான்கிரீட்டைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

மூலையில் மேட்டைத் திருப்பும்போது தாளைத்தான் வெட்டலாம், கம்பியில் கத்தி படக் கூடாது. பெட்டியைப் பிரித்ததும் ஒருமுறை, விரித்ததும் ஒருமுறை, பலகையை மூடியதும் ஒருமுறை என்று மல்டிமீட்டரில் கம்பியின் மின்தடையை அளந்து எழுதிவைக்கட்டும். மூன்றும் பெட்டியில் போட்ட எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மூடிய பிறகு தப்பு தெரிந்தால் தரை முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான். வெப்பத்தை அளக்கிற சென்சார் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் உட்கார வேண்டும், கம்பியின் மேல் ஏறினால் பொய் சொல்லும். பலகைகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் போட்டுவைத்து, பிறகு சுவரோரம் இடைவெளி விட்டுப் பொருத்தட்டும். கடைசி மின் இணைப்பை மட்டும் தகுதி பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். 30 மில்லிஆம்ப் கசிவிலேயே விழுந்துவிடுகிற ஆர்சிசிபி இல்லாமல் தரைக்கடியில் கரண்ட் ஓடக் கூடாது.

அலமாரி, அடி தட்டையான சோபா வருகிற இடங்களில் மேட் வேண்டாம். வெப்பம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கும். நீங்கள் ஆசையாகக் கொண்டுபோன பவானி ஜமக்காளத்துக்கும் இதே விதிதான்.

கரண்ட் எவ்வளவு தின்னும்?

பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கட்டில், பீரோ போக 8 சதுர மீட்டர் தேறும். ஒரு சதுர மீட்டருக்கு 150 வாட் என்று வைத்தால் 1200 வாட், அதாவது மணிக்கு 1.2 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாக வருகிற 100 யூனிட், ஹீட்டர் விடாமல் ஓடினால் மூன்றரை நாளில் காலி. தெர்மோஸ்டாட் அவ்வப்போது அணைக்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் சில நாள் தாங்கும்.

ஹீட்டரை விடுங்கள். படூரில் லேமினேட் மட்டுமாவது போடலாமா?

லேமினேட் என்பது மேலே மரத்தின் படம், உள்ளே மரநாரை அழுத்திச் செய்த பலகை. அதற்குத் தண்ணீர் ஆகாது. நம் வீடுகளிலோ தினமும் வாளித் தண்ணீரில் மாப்பை முக்கி, பாதி பிழிந்து, பாதியைத் தரைக்கு விட்டுத் துடைப்பதுதான் சுத்தம். பலகை சேருகிற விளிம்பு வழியாக நீர் இறங்கி, ஓரங்கள் உப்பி நிற்கும். போதாக்குறைக்கு கேளம்பாக்கம் உப்பளமும் முட்டுக்காடு உப்பங்கழியும் உங்களுக்குக் கூப்பிடு தூரம், காற்றிலேயே ஈரம். ஐப்பசி மழையில் பலகை விரியும்போது சுவரோர இடைவெளி இல்லையென்றால் நடு அறையில் கூடாரம் எழும்பும். தரைத்தளமாக இருந்தால் கரையானும் மோப்பம் பிடித்து வரும். மாடியில் ஒரு படுக்கையறைக்குப் போடுங்கள், குறையில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் டைல்ஸ் போதும். மனசு வந்தால் பழைய ரெட் ஆக்சைடு. மத்தியானம் வெறுந்தரையில் தலையணை போட்டுப் படுக்கிற சுகம் லேமினேட்டில் கிடையாது.

தரையைச் சூடாக்கும் யோசனை யாருடையது?

ரோமானியர்கள் குளியல் கூடங்களின் தரையைத் தூண்கள்மேல் நிறுத்தி, அடியில் அடுப்பு வெப்பத்தை ஓடவிட்டார்கள். கொரியாக்காரர்கள் அடுப்புப் புகையைக் கல்தரைக்கு அடியில் செலுத்தி, மேலே படுத்தார்கள். அதற்கு ஒண்டோல் என்று பெயர். இன்றும் அவர்கள் அடுக்குமாடிகளில் வெந்நீர்க் குழாய் வடிவில் அது தொடர்கிறது. அந்தக் கொரியாக்காரர்கள்தான் 1990களில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து ஹூண்டாய் தொழிற்சாலை கட்டினார்கள். கூடவே ஒண்டோலைக் கொண்டுவரவில்லை. புத்திசாலிகள்!

தமிழர்கள் யாராவது இதை அனுபவிக்கிறார்களா?

நார்வேயில் கேளுங்கள். ஈழத்திலிருந்து போய், வடகோடி ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டில் குளியலறைத் தரைக்கடியில் மின்கம்பி புதைப்பது சர்வசாதாரணம். பனிக்காலத்தில் வெறுங்காலோடு பல் தேய்க்க அவர்களுக்கு அது தேவை. நமக்கு வெறுங்கால் இலவசம்.

அம்மாவுக்குச் சர்க்கரை. கால் எப்போதும் ஜில்லென்று இருக்கிறது. சூடான தரை நல்லதா?

இதற்கு மட்டும் கேலியில்லாத பதில். சர்க்கரையால் கால் நரம்பு பழுதாகியிருந்தால் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சூடான தரை, வெந்நீர்ப் பை எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

எங்களுடையது மேல்மாடி ஃபிளாட். ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் சுடுகிறது. இதற்கு என்ன பெயர்?

தலைக்கு மேல் ஹீட்டிங். பில்டர் கூடுதல் கட்டணமில்லாமல் தந்தது. பகலெல்லாம் கான்கிரீட் குடித்த வெயிலை ராத்திரி உங்கள்மேல் கக்குகிறது. தரைக்கு ஒதுக்கிய பணத்தை மாடிக்குத் திருப்பிவிடுங்கள். வெள்ளை கூல் டைல்ஸ் ஒட்டலாம், வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாம், செலவு குறையவேண்டுமென்றால் சுண்ணாம்பு பூசி வருஷாவருஷம் புதுப்பிக்கலாம். அசோசியேஷன் மீட்டிங்கில் மட்டும் ஒருவர் எழுந்து, “மொட்டை மாடி பொதுச்சொத்து, செலவு செய்ய முடியாது” என்பார். விசாரித்துப் பாருங்கள், அவர் தரைத்தள வீட்டுக்காரர்.