புதுத் தியேட்டர்ப் பணியாளரும் அளவை நூலும்: ஓர் ஆய்வு

படம் பார்ப்பவர்களைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. படம் ஓடும் கட்டடத்துக்குள்ளேயே மூன்று மணி நேரம் இருந்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் வீடு திரும்பும் பணியாளரைப் பற்றி அறிஞர்கள் மௌனம் சாதிக்கிறார்கள். டிக்கெட் கிழிக்கிறவர், டார்ச் அடிக்கிறவர், கேண்டீன்காரர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் ஆகியோர் அன்று இரவுக்குள் "படம் பிச்சுக்கிட்டுப் போகும்" என்றோ "ஊத்திக்கிச்சு" என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்த அறிவு அவர்களுக்கு எவ்வழி வந்தது என்பதே இங்கே கேள்வி.

ஆய்வுக்களம், புதிதாகத் திறக்கும் தியேட்டரின் முதல் காட்சி. பழைய தியேட்டரில் பணியாளருக்கு எல்லாம் கைப்பழக்கம். எது அறிவு, எது வழக்கம் என்று பிரித்துக் காண முடியாது. திறப்பு நாளிலோ டார்ச்சுக்காரருக்கே 'எஃப்' வரிசை எங்கே என்று தெரியாது. கலப்படமில்லாத அறியாமை கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.

முறையியலுக்கு மேல்நாடு போக வேண்டியதில்லை. அறிவு வரும் வழிகளுக்கு அளவை, அதாவது பிரமாணம், என்று பெயரிட்டு, அவற்றைப் பத்தாக விரிப்பாரும் உண்டு என்றாலும் காண்டல், கருதல் (ஊகித்தறிதல்), உரை என்ற மூன்றில் அடக்கலாம் என்று சிவஞான சித்தியார் என்ற சைவ நூல் வகுத்து வைத்திருக்கிறது. அது பதி, பசு, பாசத்தை அறிவதற்காக எழுந்த நூல். தரை டிக்கெட்டுக்கும் அது பொருந்துவது நம் நல்லூழ்.

முதலில் உரை. மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார். கொட்டகைப் பணியாளர்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு படத்தைப் பார்க்கும் உரிமை பெற்றவர் அவர். 1931இல் 'காளிதாஸ்' வந்து படமே பேசத் தொடங்கியதும் அவர் பிழைப்பில் மண் விழுந்தது. அளவை நூல் வரலாற்றில் ஒரு பிரமாணத்துக்கு வேலை போனது இந்த ஒரு முறையாகத்தான் இருக்கும்.

காண்டலுக்கு உரியவர் ஆபரேட்டர் என்று யாரும் நினைப்பார்கள். பிழை. கார்பன் ஆர்க் காலத்து ஆபரேட்டர் அறையை எட்டிப் பார்த்தால் இது விளங்கும். இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கிடையே வெள்ளை நெருப்பு. குச்சி எரிந்து குறையக் குறைய, இடைவெளி கூடாமல் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் திரையில் நாயகி மங்கிவிடுவாள், கீழேயிருந்து விசில் வரும். ஃபிலிம் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடத்தில் தீரும். ரீல் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும்: அடுத்த புரொஜெக்டரை ஓடவிடு. ஏழு விநாடி கழித்து இன்னொரு புள்ளி: மாற்று. ஆகவே அம்மா மகனைத் தேடிக் கதறும்போதும், வில்லன் கத்தியை ஓங்கும்போதும், ஆபரேட்டரின் கண் இருந்த இடம் வலது மேல் மூலை. திரை முழுவதையும் பார்க்கும் வசதியுள்ளவர் அதில் ஒரு பொட்டளவு இடத்தைத்தான் பார்த்தார். புதுத் தியேட்டரில் மெஷினும் புதிது என்பதால், அந்தப் பொட்டையும் பதற்றத்தோடு பார்த்தார்.

இந்த ஆபரேட்டருக்கு ஒரு முன்னோடி உண்டு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படங்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டக் கிளம்பினார். 1914இல் கோயம்புத்தூரில் அவருடைய வெரைட்டி ஹால் எழும்பியது. பின்னாளில் அதன் பெயர் டிலைட். கூடாரத்தோடு அலைந்தவர் நிலையான கட்டடத்துக்கு வந்ததும் பணியாளர் என்ற இனம் வேர்விட்டது என்பது இவ்வாய்வின் துணிபு.

அடுத்து வாசல். 1952 தீபாவளிக்கு மதுரை தங்கம் தியேட்டர் 'பராசக்தி'யோடு திறந்தது. இருக்கைகள் 2,563. ஒரே ஆள் நின்று, டிக்கெட் ஒன்றுக்கு ஐந்து விநாடி வீதம் கிழிப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,815 விநாடி. அதாவது மூன்றரை மணி நேரத்துக்கு மேல். 'பராசக்தி' மூன்று மணி நேரமும் சில நிமிடங்களும்தான். கடைசி ஆள் உள்ளே நுழையும்போது முதல் ஆள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதனால்தான் வாசல் பல; கிழிக்கிறவரும் பலர்.

இருட்டுக்குள் டார்ச்சுக்காரரின் ஆட்சி. தேர்ந்தவர் ஒளியை முகத்தில் அடிக்க மாட்டார். கண்ணாடி மேல் விரல்களை மூடிப் பிடித்து, இடுக்கில் கசியும் வெளிச்சத்தைப் படியில் மட்டும் விடுவார். விரல் ஓரங்கள் சிவந்து தெரியும். ஆளை உட்கார வைத்துவிட்டுத் திரும்பும்போது திரை அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிரே ஆயிரம் முகங்கள். படம் அங்கேதான் அவருக்கு ஓடுகிறது: வாய் பிளந்தால் சண்டை, மூக்கை உறிஞ்சினால் அம்மா, தலை சாய்ந்தால் இயக்குநர் தேறவில்லை. இது கலப்பற்ற கருதல்.

கேண்டீன்காரர் கையாளும் பிரமாணம் இன்னும் நுட்பமானது. பத்தில் ஒன்றான அபாவம், அதாவது இல்லாமையால் அறிவது. பாட்டு வந்ததும் ஆண்கள் பீடிக்கு வெளியே வருவது மரபு. பாட்டுச் சத்தம் கேட்டும் ஒருவரும் வரவில்லையென்றால் பாட்டு 'ஹிட்'. தட்டில் முறுக்கு மிஞ்ச மிஞ்ச அவருக்குப் படத்தின் மேல் மதிப்பு உயரும். அந்த மதிப்பில் அவருக்கு மகிழ்ச்சி இல்லை. திறப்பு நாளில் ஒரு திருத்தம் தேவை: கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் வெளியே வந்தவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சைக்கிள் ஸ்டாண்டில் உரை இன்னும் உயிரோடிருக்கிறது. இடைவேளையிலேயே டோக்கனை நீட்டுகிறவரிடம், "என்னண்ணே, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" என்பார் ஸ்டாண்டுக்காரர். "தலவலிப்பா." வலி படத்தால் வந்ததா, பெயின்ட் காயாத புதுச் சுவரால் வந்ததா? பிரித்தறியும் கருவி இதுவரை இல்லை.

இன்றைய மல்டிபிளெக்ஸ் பற்றிச் சுருக்கமாக. அங்கே ரீல் இல்லை, புள்ளி இல்லை. படம் பூட்டிய கோப்பாக வருகிறது. ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனிச் சாவி, அது குறித்த நேரத்துக்கு முன் திறக்காது. திறப்பு நாளில் மேனேஜரின் பிரமாணம் ஒன்றே: சாவி மெயில் வந்ததா, வரவில்லையா.

எஞ்சியிருப்பவர் கூட்டிப் பெருக்குகிறவர். காட்சி முடிந்து விளக்கு எரிந்த பின் நுழையும் இவரைத் தொல்லியலாளர் வகையில் சேர்க்க வேண்டும். கடலைத் தோல் அடுக்கு, சோடா மூடி அடுக்கு, அதற்கும் கீழே கிழிந்த டிக்கெட் என்று அவருக்குச் சான்று படிவு படிவாகக் கிடைக்கிறது. திரைக்கடியில் கிடப்பவை மட்டும் தனி வகை: நாயகன் முதலில் தோன்றியபோது ரசிகர்கள் வீசிய சில்லறை. எவ்வளவு சேர்ந்தது என்று எண்ணினால் படத்தின் ஆயுள் தெரிந்துவிடும். எண்ணுவதில்தான் சிக்கல். புதுத் திரையில் ஓட்டை விழுந்ததற்கு ஈடாக அது நிர்வாகத்துக்குச் சேரும் என்பது மேனேஜர் கட்சி. குனிந்தவருக்கே சொந்தம் என்பது விளக்குமாற்றுக் கட்சி. மேனேஜர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து சேர்வதற்குள் தரை சுத்தமாகிவிடுவதால், இவ்வாய்வுக்கு அந்த எண்ணிக்கை கிடைக்கவில்லை.