வெள்ளைக் குதிரைக்காரர்

கோபி, பவானி, காங்கேயம், பொள்ளாச்சி என்று எந்தப் பக்கம் போனாலும் இவரைப் பார்க்கலாம். தோட்டத்துச் சாளையை ஒட்டி ஒரு லாயம், லாயத்தில் ஒரு வெள்ளைக் குதிரை, அதன் பின்னங்காலுக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியும் கையுமாக இவர். சொந்தத்தில் விசைத்தறியோ நாலு லாரியோ இருக்கும். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் குதிரைச் சவாரி என்பார். இவர் சவாரி செய்து பார்த்தவர் ஊரில் யாருமில்லை. இவர் குதிரையைக் கழுவிப் பார்க்காதவரும் யாருமில்லை.

குதிரை அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது. புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் சந்தை அது. திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடக்கிறது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அங்கே நம்மவர் பிடரியில் சுழி பார்த்தார், நெற்றியில் சுழி பார்த்தார், வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், நடக்கவிட்டுக் குளம்பைப் பார்த்தார். கூடப்போன மச்சானும் தனக்குத் தெரிந்த நாலு சுழிகளைப் பார்த்தார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடித்தார்கள். ராத்திரி இது எப்படிப் படுக்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விற்பவர் சொல்லியிருக்க மாட்டார்.

விடிந்ததும் தெரிந்தது. வலது விலாவில் மஞ்சளாக ஒரு பெரிய திட்டு, தொடையில் பச்சையாக இன்னொன்று, முழங்காலில் காப்பிக் கறை போல மூன்றாவது. குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பியிருந்தார். நின்றுகொண்டு தூங்குவது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த தூக்கம் வேண்டுமென்றால் அதுவும் படுத்துத்தான் ஆக வேண்டும். எங்கே படுக்கும் என்பது அதன் இஷ்டம். அரை ஏக்கர் சுத்தமான இடத்தை விட்டுவிட்டுத் தன் சாணியின் மேலேயே தலை சாய்க்கும் குதிரைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பசும்புல் தின்கிற குதிரையின் சாணி பச்சைக் கறை விடும். சிறுநீர் வெளியே வரும்போது வெளிறித்தான் இருக்கும், காற்றுப் பட்டதும் பழுப்பாகும். அதனால் ராத்திரி பட்டது விடியும்போதுதான் முழு நிறம் காட்டும்.

அன்றைக்கே முதல் குளியல். தண்ணீர் பட்டதும் அடுத்த அதிர்ச்சி. வெள்ளைக் குதிரை ஈயப்பாத்திர நிறத்துக்கு வந்துவிட்டது. நுக்ரா என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். நுக்ரா பிறவியிலேயே வெள்ளை, அதன் தோல் இளஞ்சிவப்பு. இவர் வாங்கியதோ நரைத்த குதிரை. இந்த ஜாதிக் குட்டி கறுப்பாகவோ செவலையாகவோ பிறந்து, வருஷா வருஷம் நரைத்து, வளர்ந்த பிறகுதான் வெள்ளையாகும். முடி மட்டும்தான் வெள்ளை, அடியில் தோல் கறுப்பு. நனைந்தால் தோலின் நிறம் வெளியே தெரியும். வியன்னாவில் நாட்டியம் ஆடுகிற புகழ்பெற்ற லிப்பிசானர் குதிரைகளும் இப்படித்தான், முழு வெள்ளையாக ஆறு முதல் பத்து வருஷம் வரை பிடிக்கும். இந்த இளநரைக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சகாக்களும் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் நரைக்கிற குதிரைகள் எல்லாமே எப்போதோ வாழ்ந்த ஒரே மூதாதையின் வாரிசுகள் என்பது அவர்கள் முடிவு. அந்த ஆதிக் குதிரைக்கு முதலாளி என்று யாராவது இருந்திருந்தால், அவர் குடும்பத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

நம்மவர் இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டார். "நுக்ராதானுங்க, தோல் மட்டும் கொஞ்சம் கறுத்த தோல்" என்பார். விருந்தாளி வரும் நாட்களில் குதிரையை நனைய விடுவதில்லை.

குளியலறை அலமாரியில் இப்போது இரண்டு புட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று இவர் மீசைக்கு அடிக்கும் கறுப்பு மை. இன்னொன்று குதிரைக்கான ஊதா ஷாம்பு. தன் நரையை மறைக்கவும் குதிரையின் நரையைக் காக்கவும் இவர் மாதாமாதம் செலவழிப்பதைக் கணக்குப் பார்த்த வீட்டுக்கார அம்மா ஒருநாள் கேட்டேவிட்டார்: "ஏனுங்க, எனக்குந்தான் காதோரம் நரைச்சுக் கெடக்குது. அதுக்கு ஒரு புட்டி வாங்கோணும்னு தோணுச்சுங்களா?"

ஊதா ஷாம்பு தீர்ந்த ஒரு நாளில் வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து அடித்தார். சூத்திரம் என்னவோ சரிதான். மஞ்சளை ஊதாவோ நீலமோ அடக்கிக் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டும், சலவைக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். அளவுதான் பிசகிவிட்டது. நாலு சொட்டுக்கு அரை மூடி. ஒரு வாரத்துக்குத் தோட்டத்தில் நின்றது ராமர் நிறத்துக் குதிரை. தெருப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

குதிரை தேய்க்கும் வேலையின் முறையைச் சொன்னால் வீட்டில் ஆளுக்கொரு பிரஷ்ஷைத் தேடுவார்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த உடம்பில் முதலில் ரப்பர் பிரஷ்ஷால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அடியிலிருந்து தூசியும் பொடுகும் மேலே வரும். அப்புறம் கெட்டி நார் பிரஷ், முடி போகிற திசையில். அப்புறம் மெல்லிய பிரஷ். கடைசியாகத் துணி. இதை நம்மவர் முழு மனதோடு செய்கிறார், அதில் குறை சொல்ல முடியாது. கழுத்தில் ஆரம்பித்துத் தொடைக்கு வரும்போது குதிரையிலிருந்து கிளம்பிய தூசி முழுவதும் இவர் சட்டையில் இருக்கும். வெள்ளைச் சட்டை தவிர வேறு போடுவதில்லை என்பதால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஊரில் இன்னொரு வெள்ளைக் குதிரைக்காரர் இருக்கிறார், ஐயனார். அவருடைய குதிரைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடித்தால் போதும். நம்மவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவதாகச் சொல்கிறார்கள்.

பங்காளி வீட்டுக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டும் என்றார்கள். முடியாது என்று இரண்டு நாள் பிகு செய்துவிட்டு மூன்றாம் நாள் அவரே போன் போட்டு, "எத்தனை மணிக்குங்க அழைப்பு?" என்றார். அழைப்பு சாயங்காலம் ஆறு மணிக்கு. மதியம் ஒரு மணிக்கே குளியல் ஆரம்பம். மூன்று தடவை ஷாம்பு, வாலுக்குத் தனிச் சீப்பு, குளம்புக்கு எண்ணெய். நாலு மணிக்குக் குதிரை கண்ணைக் கூசவைத்தது. உலரட்டும் என்று கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டார்.

குதிரை முதலில் தலையைத் தாழ்த்தி மண்ணை மோந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. "டேய்... டேய்... ராஜா... வேண்டாஞ்சாமி..." முன்னங்கால் மடங்கியது. பிறகு பொதீரென்று விழுந்து, நாலு காலையும் வானத்துக்குக் காட்டி, அந்தச் செம்மண்ணில் இடமும் வலமுமாக நிதானமாகப் புரண்டது. எழுந்து ஒரு உதறு உதறியது. ஈரத்தில் ஒட்டிய மண் அசையவில்லை. கூட நின்ற எல்லோர் மேலும் கொஞ்சம் தெறித்ததுதான் மிச்சம். இதில் குதிரையின் மேல் குற்றமே கிடையாது. ஈரம் உலரவும், அரிப்புத் தீரவும், ஈ கொசு அண்டாமலிருக்கவும் அதற்குத் தெரிந்த குளியல் அதுதான். இவர் போட்டது அதற்கு அழுக்கு, மண்தான் ஷாம்பு.

மறுபடி கழுவ நேரமில்லை. வெளிநாட்டுக் குதிரைக் கண்காட்சிகளில் கடைசி நேரக் கறைக்குச் சாக்கட்டிப் பொடியும் சோளமாவும் பூசுவார்களாம். இங்கே முகத்துக்குப் போடும் பவுடர் இரண்டு டப்பா தீர்ந்தது. ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை தும்மினார். மாப்பிள்ளை இறங்கும்போது அவர் பட்டு வேட்டி செவலையாக இருந்தது. பெண் வீட்டார் யாரோ, "குதிரை என்ன கலருங்க?" என்று கேட்டதாகவும், அன்றிலிருந்து அந்த வீட்டோடு இவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்றும் கேள்வி.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது வேறு. "தினமும் சோப்புப் போட்டா தோலிலிருக்கிற எண்ணெய்ப்பசை போயிருங்க. மினுமினுப்பே அதுலதான் இருக்குது. தினம் பிரஷ் போடுங்க, கறை பட்ட இடத்தை மட்டும் கழுவுங்க, ராத்திரி படுக்கிற வைக்கோலைச் சுத்தமா மாத்துங்க." குதிரை வேர்வையில் நுரை கட்டவைக்கும் புரதம் ஒன்று இயற்கையாகவே இருப்பதையும், வேர்த்த குதிரை மேல் வெள்ளை நுரை தெரிவது அதனால்தான் என்பதையும் விளக்கினார். கிளம்பும்போது வாலைத் தூக்கி அடியில் விரலால் தடவிப் பார்த்தார். நரைத்த குதிரைகளுக்கு வயதாக ஆக அந்த இடத்தில் கறுப்புக் கட்டிகள் வருவது சகஜம். கழுவுகிற கை அதைத் தேட வேண்டும் என்றார். அன்றிலிருந்து நம்மவர் ஷாம்புவைக் குறைக்கவில்லை. ஆனால் தினமும் வாலைத் தூக்கிப் பார்க்கிறார். இத்தனை வேலையில் உருப்படியானது இது ஒன்றுதான்.

வெள்ளைக் குதிரை வாங்கும் ஆசை உங்களுக்கும் இருந்தால், சந்தையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விற்பவரின் லாயத்துக்குக் காலை ஐந்தரை மணிக்கு, சொல்லாமல் போய் நில்லுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றிப் பாருங்கள். அப்போது தெரிகிற நிறத்துக்கு எவ்வளவு கொடுக்கலாமோ அவ்வளவு கொடுங்கள். மனசு வரவில்லையென்றால் அதே சந்தையில் செவலைக் குதிரைகளும் நிறைய வருகின்றன.